அவர் சார்பில் நான் பேசுகிறேன்

செப்டம்பர் 29, திங்கள்

இன்று பேச்சுப் பயிற்சியில் லாரிக்காரர் "மழை" என்றார். நான் படம் காட்டவில்லை, முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. ஜன்னலில் சாரல் அடித்தது, திரும்பிப் பார்த்தார், வாயை இரண்டு முறை கோணினார், சொல்லிவிட்டார். சொன்னது தான்தானா என்ற சந்தேகத்தில் மனைவியைப் பார்த்தார். "ஆமாங்க, மழைதான்" என்றார் அந்த அம்மா, ஏதோ வானிலை விசாரித்தவருக்குப் பதில் சொல்வது போல. பிறகு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பக்கவாதம் வலது கை, கால் பலத்தோடு பேச்சையும் கொண்டுபோன மனிதர். நாம் சொல்வதெல்லாம் புரியும். சொல்ல நினைப்பது மட்டும் வாய்க்கு வராது. ஆறேழு மாதத்துக்கு முன் வந்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு சத்தம், "தத்தத்தா". பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவருக்கே அவமானமாக இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது கைவிரல்களில் அடங்காத அளவுக்குச் சொற்கள். தினமும் பழக வேண்டும். நடக்காத பாதையில் புல் முளைத்துவிடும் என்று ஒருமுறை சொன்னேன். லாரி ஓட்டியவர், தலையாட்டினார்.

கிளம்பும்போது வாட்ச்மேன் நிறுத்தினார். எல்லாச் செய்தியும் அவருக்கு முதலில் வந்துவிடும், அதனால் நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. "பட்ஜெட் இன்னும் பாஸ் ஆகல மேடம். நாளையோட நிதியாண்டு முடியுது, அதுக்குள்ள ஆகலைன்னா பணம் வராது, நமக்குப் பூட்டுதான்."

வருஷா வருஷம் ஆடுற கூத்துதானே என்றேன். கடைசி நேரத்தில் கை குலுக்கிக்கொள்வார்கள்.

அக்டோபர் 1, புதன்

குலுக்கவில்லை.

ஆளும் கட்சிக்குப் புது வரி வேண்டும். எதிர்க்கட்சி வரி கூடாது, செலவைக் குறை என்கிறது. சட்டமன்றத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், யாரும் இறங்குவதாக இல்லை. எதிர்க்கட்சி வரிசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேசையைத் தட்டுகிறவர்களில் ஒருவன் என் தம்பி.

எங்கள் பேச்சுப் பயிற்சி மையத்தின் கதவில் தாள் ஒட்டியிருக்கிறார்கள்: அத்தியாவசியம் அல்லாத சேவை. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு நடக்கிறது, சிறைச்சாலை நடக்கிறது, சட்டமன்ற உணவகமும் நடக்கிறதாம், ரேடியோ சொன்னார். ஆக, ஒருவரின் உயிரைக் காப்பாற்றுவது அத்தியாவசியம். காப்பாற்றிய பிறகு அவர் பேசுவது அத்தியாவசியம் இல்லை.

விஷயம் தெரியாமல் லாரிக்காரரும் மனைவியும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். கதவையே பார்த்துக்கொண்டு நின்றவர் இடது கையை நீட்டி, "பூட்டு" என்றார்.

புதுச் சொல். பாராட்ட எனக்குத்தான் வாய் வரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

அம்மா கேட்டாள்: "டிவி பார்த்தியா? தம்பி நல்லாப் பேசுறான்ல?"

பேசுகிறான்.

அக்டோபர் 6, திங்கள்

சம்பளம் வாங்காமல் வேலை செய்வதும் கூடாதாம், உத்தரவில் இருக்கிறது. மையத்தின் பொருள்களைத் தொடக் கூடாது. சரி, தொடவில்லை. லாரிக்காரரை என் வீட்டுச் சமையலறைக்கு வரச் சொல்லிவிட்டேன். பட அட்டைகளைவிட இது நன்றாகவே இருக்கிறது. கரண்டியைக் கையில் கொடுத்தால் "கரண்டி" என்கிறார், வெந்நீரைத் தொட்டு "சூடு" என்கிறார். அம்மா முதலில் முகம் சுளித்தாள். பிறகு "உப்பு டப்பாவைக் காட்டு, அதைச் சொல்றாரா பாப்போம்" என்று அவளே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். அவன் வந்தபோது லாரிக்காரர் கிளம்பிக்கொண்டிருந்தார். இவன் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தான். நன்றாகத்தான் விசாரித்தான். அந்தக் கலை அவனுக்கு எப்போதும் உண்டு.

அவர்கள் போனதும் கேட்டேன், எப்போதுதான் முடிப்பீர்கள் என்று.

"இப்ப விட்டுக்கொடுத்தா அடுத்த வருஷமும் நம்ம தலையிலதான் மிளகாய் அரைப்பாங்க, அக்கா."

"இப்ப யார் தலையில அரைக்கிறீங்க?"

"உங்க மையத்தை மூடினது நாங்க இல்ல. அவங்க."

"பூட்டுல ரெண்டு பேர் கையும்தான் இருக்கு."

அம்மா நடுவில் புகுந்து, "சாப்பிடற பிள்ளையை ஏன்டி..." என்றாள். இந்த வயதிலும் நானும் இந்த வீட்டில் ஒரு பிள்ளைதான், யாருக்கும் நினைவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தம்பி போன் செய்தான். அடுத்த வாரம் சட்டமன்றப் படிக்கட்டில் அவர்கள் கட்சி நிருபர்களைச் சந்திக்கிறதாம். "புள்ளிவிவரம் சொன்னா யாரும் கேக்கிறதில்லக்கா. நேர்ல ஒருத்தரைக் காட்டணும். அந்த லாரிக்காரரைக் கூட்டிட்டு வாயேன்."

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம் என்றேன். சிரித்தான். பிறகு குரலை இறக்கி, "எந்த ஒப்பந்தம் வந்தாலும் உன் மையத்துக்குத் தனியா ஒரு வரி எழுதி வாங்கிடறேன். என் பொறுப்பு" என்றான்.

அந்த ஒரு வரிக்குத்தான் மயங்கினேன்.

லாரிக்காரரின் மனைவியிடம் சொன்னபோது, "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டார். என் தம்பி சொன்னால் செய்வான் என்றேன். பக்கத்தில் இருந்த லாரிக்காரருக்கும் புரிந்தது. யோசித்தார். மேசையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தவர், சாவி திருகுவது போலக் கையைத் திருப்பிக் காட்டினார். "திறங்க" என்று சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டேன். தலையை வேகமாக ஆட்டினார்.

அக்டோபர் 23, வியாழன்

வாரம் முழுக்க அதே ஒரு சொல். தொடங்க நேரம் எடுக்கிறது, ஆனால் அவசரப்படுத்தாமல் இருந்தால் வந்துவிடுகிறது. இன்று பலமுறை வந்தது. மனைவி அவருக்குப் புதுச் சட்டை எடுத்திருக்கிறார், வலது கையை நுழைக்க வசதியாகத் தொளதொளவென்று.

அக்டோபர் 24, வெள்ளி

எழுத வேண்டாம் என்று இருந்தேன். முடியவில்லை.

படிக்கட்டு முழுக்க வெயில். மைக்குகள் கொத்தாக. தம்பி அவர் தோளில் கை போட்டு முன்னால் நிறுத்தினான். எல்லோரும் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். "தி..." வந்தது. மறுபடி "தி..." உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், எனக்குத் தெரியும், வந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

தம்பி மைக்கைத் தன் பக்கம் வளைத்தான். "அவர் சார்பில் நான் பேசுகிறேன்" என்றான். "இந்த அரசு என் குரலைப் பறித்துவிட்டதே என்று கேட்கிறார். பதில் உண்டா?"

அவர் அப்படிக் கேட்கவில்லை. அவர் கேட்க வந்தது வேறு. இவன் பேசி முடிக்கிற வரைக்கும் அவர் வாய் திறந்தபடியே இருந்தது. முடித்த அந்த அமைதியில் அவரிடமிருந்து வெளியே வந்தது "தத்தத்தா". பழைய சத்தம். யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு. அந்த வித்தியாசம் அவருக்கு எதற்கு?

ஏன்டா, ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு? வருஷ பட்ஜெட்டையே இழுத்தடிக்கத் தெரியுது, ஒரு மனுஷன் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா நிக்கத் தெரியலையா?

நான் மட்டும் என்ன செய்தேன். மைக்கைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கேமரா முன்னால் தம்பிக்கு அவமானம் என்று நின்றேன் போல. இல்லை, அதை யோசிக்கக்கூட இல்லை. சும்மா நின்றேன்.

அக்டோபர் 25, சனி

வீடியோ எல்லோர் போனிலும் ஓடுகிறது. லாரிக்காரரின் மனைவி போன் செய்தார்: "சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காரு மேடம். சட்டையைக்கூடக் கழட்ட விடல."

நவம்பர் 5, புதன்

பட்ஜெட் நிறைவேறியது. கேட்ட வரியில் பாதி ஆளும் கட்சிக்கு, கேட்ட வெட்டில் பாதி எதிர்க்கட்சிக்கு. படிக்கட்டில் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மையத்துக்கு ஒரு வரி இருக்கத்தான் இருக்கிறது: நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியுடன் இணைக்கப்படுகிறது. தம்பி ஆதரித்து ஓட்டுப் போட்டிருக்கிறான்.

போன் எடுத்ததும் அவனே தொடங்கினான். "மூடலையேக்கா. இணைச்சிருக்கோம். உன் வேலை போகலல்ல?"

"எனக்குப் போகல."

"பின்ன என்ன?"

பின்ன என்ன. போனை வைத்துவிட்டேன்.

வேலை போனது ரேடியோவுக்கு. சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்திருந்தார். "ஊர் நியூஸ் எல்லாம் எனக்கு முதல்ல வரும் மேடம். என் நியூஸ் மட்டும் கடைசியா வந்துச்சு" என்றார். சிரிக்கச் சொன்னதுதான். அவரே சிரிக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

புது இடத்தில் எனக்குக் கொடுத்த அறை எக்ஸ்ரேக்குப் பக்கத்தில். வாசலில் வரிசை எண்ணைக் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சை இழந்தவர்களுக்கு முதலில் வேண்டியது அமைதி என்று எழுதிக் கொடுத்தேன். பரிசீலிக்கிறார்களாம். லாரிக்காரரின் முறை இன்று. வரவில்லை. ஒரு படி ஏறவே ஆள் தாங்க வேண்டிய மனிதர் இரண்டு பஸ் மாறி எப்படி வருவார்?

நவம்பர் 23, ஞாயிறு

தம்பியை மக்கள் நலவாழ்வுக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் இனிப்புக் கொடுத்தாள். நானும் ஒன்று எடுத்துத் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

போகலாமா வேண்டாமா என்று பல ஞாயிறுகளைக் கழித்துவிட்டு இன்று லாரிக்காரர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. மனைவி கதவைப் பாதி திறந்து, அந்த இடைவெளியிலேயே நின்றார். முன்பு என்றால் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பார்.

"தூங்குறாரு" என்றார்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஓரமும், தரையில் ஊன்றிய இரண்டு பாதங்களும் எனக்குத் தெரிந்தன. நான் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

வேலை முடிந்ததும் நானே இங்கே வந்து பயிற்சி கொடுக்கிறேன், யார் அனுமதியும் தேவையில்லை, இங்கேயே உட்கார்ந்து பழகலாம் என்று சொன்னேன். உள்ளே இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார்.

"வேண்டாம்."

சொன்னது அவர் இல்லை. உள்ளேயிருந்து வந்தது. திக்கல் இல்லை, முன்னால் அந்தப் பழைய சத்தம் இல்லை, ஓர் எழுத்தும் உதிரவில்லை. நான் அறிந்து லாரிக்காரர் சொன்னவற்றிலேயே முழுமையான சொல். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்காதது.

பழக்கதோஷம். வாசலில் நின்றபடியே, "நல்லா சொன்னீங்க" என்றேன்.