அட்டவணைக்கு மேலே ஒரு சுரம்

என் தங்கையைக் கைப்பிடித்த அன்பு மாப்பிள்ளைக்கு,

ஏதாவது விட்டுப்போகுமோ என்ற பயத்தில் சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உங்கள் மகள் பாவாயியின் கல்யாணம் நேற்றுக் காலை நல்லபடியாக நடந்தது.
2. அவள் பந்தலில் கால் வைத்தபோது உங்கள் உச்சிச் சுரம் ஒலித்தது. ஊதியவன் நான்.
3. அது தற்செயல்.

நம்புகிறீர்களா? என்னால் முடியவில்லை.

மேட்டூர் அணை வேலை முடிந்து கப்பலேறிய வெள்ளைக்காரரிடம் நீங்கள் வாங்கிய அந்த பாரிடோன் சாக்ஸபோன், அடித்தொண்டையில் உறுமுவதற்கென்றே செய்த கருவி. பேண்டு கோஷ்டியின் கடைசி வரிசையில் அதைக் கழுத்தில் மாட்டி நிற்பீர்கள். மணப்பெண் பந்தலுக்குள் கால் வைக்கும் நொடியில், யாரும் எதிர்பாராத உயரத்தில் ஒரே ஒரு சுரம். "எருமை குயிலாயிருச்சுடோய்!" என்று கூட்டம் கூவும்.

முப்பது வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று உங்களுக்கு அட்டவணை வரைந்து கொடுத்தேன். அந்தச் சுரம் அதில் இல்லை. "அது தற்செயலாக வருவது, நம்பி ஊதாதீர்கள்" என்று கோஷ்டியார் முன்னாலேயே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "அட்டவணை உங்களுதுங்க மச்சான். குழலு என்னுதுங்க."

நீங்கள் கண்மூடியபின் அந்தச் சுரத்தை யாராலும் எடுக்க முடியவில்லை. பாவாயிக்கு முகூர்த்தம் குறித்ததும் தாய்மாமன் சீராக என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஊருல இருக்குற பொண்ணுங்களுக்கெல்லாம் அப்பா ஊதுனாருங்க மாமா. எனக்கு மட்டும் ஊமைப் பந்தலுங்களா?" என்றாள். வீட்டுக்குள் உங்களோடு நாலு மெட்டு ஊதிப் பழகியவன் என்பதைத் தவிர எனக்கு என்ன தகுதி?

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் தினமும் காலையில் ஊதினேன். நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்தேன்: 'பல் அழுத்தம் அதிகம். பலன், கீச்சு.' 'இன்னும் அதிகம். பெரிய கீச்சு.' ஒருநாள் கூழ் கொண்டுவந்த தங்கை செல்லம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, ஊதுவாயில இருக்குற அந்த ரீடுப் பட்டை என்ன கரும்புங்களா, இந்தக் கடி கடிக்கிறீங்க? அவரு கடிக்கவே மாட்டாருங்க. ஊதறதுக்கு முன்னால அந்தச் சத்தத்தைத் தொண்டைக்குள்ள பாடிப் பாத்துக்குவாரு. கூடக் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு ஏன் நீங்கள் இதைச் சொல்லவில்லை? இல்லை, நான்தான் கேட்கவேயில்லையோ?

பல்லைத் தளர்த்தினேன். பத்து முறைக்கு ஒருமுறை வந்தது. அந்த ஒன்றை நம்பித்தான் நேற்று நின்றேன்.

பாவாயி வந்தாள். கிளாரினெட்காரர்கள் வாசிப்பை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊதினேன். கீச்சு!

"எருமைக்குத் தொண்டை கட்டிருச்சுங்களா?" என்றார் மணமகன் வீட்டாரில் ஒருவர். பந்தலே சிரித்தது. பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். அவள் தோழிகள் தள்ளியும் அசையவில்லை.

கண்ணை மூடினேன். உங்கள் சுரத்தைத் தொண்டைக்குள் பாடினேன். ஊதினேன்.

வந்தது மாப்பிள்ளை! அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பந்தல் உச்சியைத் தாண்டிப் போனது! அவள் கால் பதிந்து, மறுகாலும் பதியும்வரை விடவில்லை. "குயிலாயிருச்சுங்கோ!" என்று கத்தியவர் கேலி செய்த அதே மனிதர். நான் துள்ளிய துள்ளலில் என் கழுத்து மாலை அறுந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு மேலே பார்த்தால், மூன்றாவது குறிப்பு என்னை முறைக்கிறது. பேனாவை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் ஊதிப் பார்த்தேன். வந்தது. மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை அடுப்படியிலிருந்து செல்லம்மாள் குரல்: "பால் பொங்குதுங்கண்ணா! பொங்கட்டும், நீங்க நிறுத்தாதீங்க!"

பழைய அட்டவணையின் தலையில் ஒரு வரி கூட்டிச் சிவப்பு மையில் உங்கள் சுரத்தை வரைவேன். பக்கத்தில் 'முதலில் பாடிக்கொள்ளவும்' என்று எழுதி, கோஷ்டியார் எல்லாரும் பார்க்கக் கொடுப்பேன். இது வாக்கு.

மூன்றாவது குறிப்பு தவறு, மாப்பிள்ளை. நேற்றைக்கு மட்டுமல்ல, அத்தனை வருடமும் தவறு.

காலம் கடந்து காது கொடுத்த,
உங்கள் மச்சான்