நீலக் கவுனில் ஒரு சொட்டு மெழுகு

றத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

ஜெனிற்றாவின் அப்பாவுக்கு,

மாதா உங்களைக் காக்கட்டும். நான் இருக்கிறேன். இதைப் போனில் சொல்ல வாய் வராது. அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் அன்ஸாப் தம்பி கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஸ்கூல் திறந்தாயிற்று. என் சித்திர வகுப்பில் பூ வரையச் சொன்னாலும் பிள்ளைகள் மலை சரிவதையே வரைகிறார்கள். மாத்தளை பத்திக் துணிக் கடைக்காரர் புது டிசைன் கேட்டு ஆள் அனுப்பினார். போய்யா, நீயும் உன் டிசைனும் என்று விரட்டிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி மகளின் முகத்தை வரைந்து, நாவுல போகும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒட்டினேன். நேற்றும், சரியாகத் தேடவில்லை என்று சத்தம் போட்டீர்கள். போதுங்க. இனித் தேட வேண்டாம்.

பாலன் பிறக்கும் நத்தாருக்கென்று நீலத்தில் வெள்ளைப் பூ வைத்து, ஒரே துணியில் நம் மகளுக்கும் பக்கத்து வீட்டு ஷிரானியின் மகள் பியூலாவுக்கும் கவுன் தைத்தேன் அல்லவா? மெழுகு வைக்கும்போது நம் கழுதை தூரிகையைப் பிடுங்கி, பூவுக்கு வெளியே ஒரு சொட்டு விட்டுவிட்டாள். மெழுகு விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளைப் பொட்டாக நின்றுவிட்டது. திட்டிவிட்டு, அந்தத் துண்டை அவளுக்கே நெஞ்சுக்கு நேராக வைத்துத் தைத்தேன்.

நான் மாத்தளைக்குச் சாயம் வாங்கப் போன அன்றைக்கு, இரண்டும் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டு ஷிரானி வீட்டில் இருந்தன. ஷிரானி கொழுந்து பறிக்க மலையில். அப்போதுதான் மண் வந்தது.

ஒரு பிள்ளையைத்தான் எடுத்தார்கள். முகம் தெரியவில்லை. நான் ஓடி வருவதற்குள் ஷிரானி கவுனைப் பார்த்து, ஏ புள்ள, ஏ தங்கம் என்று மடியில் போட்டுக்கொண்டாள். நெஞ்சில் அந்தப் பொட்டு இருந்தது. பார்த்தேனுங்க. பாவி நான், வாயே திறக்கவில்லை. அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவள் மடியிலிருந்து எப்படிப் பிடுங்குவேன்?

தினமும் கஞ்சி கொண்டு வருகிறாள். அழாத கொறற்றி, ஒன் புள்ள எங்கயாச்சும் உசுரோட இருக்கும் என்று என் தலையைத் தடவுகிறாள். குடிக்கிறேன். வேறென்ன செய்ய?

லீவில் வந்தால் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பியூலா என்று எழுதிய சிலுவை இருக்கும். பெயரைப் படிக்காமல் முழந்தாளிடுங்கள். ஷிரானியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவளுக்காவது ஒரு குழி இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மரிய கொறற்றி