பூனைகள் மட்டும் போதும்

மார்ச் 3
கணினியில் பூனைகளைக் காணவில்லை. நம் கால்நடை மருத்துவமனைக்கு வரும் அத்தனை பூனைகளின் கோப்புகளும் மாயம். நேற்று மாலை 'வேண்டாததை' எல்லாம் துடைத்தது யார்? நான்தான். வெளியே சொல்லவில்லை.

"டாக்டர், பூனை எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

கையுறையோடு வாசலுக்கு ஓடினார். "கதவை யாரு தெறந்து வச்சது?"

மார்ச் 4
டாக்டரின் தம்பி வந்தார். வீட்டில் அவருக்கு மேதை என்று பெயர். போன ஜூலையில் எடுத்து வைத்த நகல் இருந்த பென் டிரைவைச் செருகினார். இருப்பதன் மேலேயே எழுதவா, வேறு இடத்தில் வைக்கவா என்று திரை கேட்டது.

"பூனைங்க மட்டும் போதுமே—"

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" தட்டிவிட்டார்.

பூனைகள் வந்தன. நாய், முயல், கிளி எல்லாம் ஜூலைக்குப் போய்விட்டன.

மார்ச் 5
நினைவூட்டல்கள் தானாகவே போயிருக்கின்றன. அறுபத்தொன்று! செப்டம்பரில் குடும்பக் கட்டுப்பாடு செய்த நாயை மறுபடி அதற்கே அழைத்திருக்கிறோம். வளர்க்கிற அம்மா போனில் கேட்டார்: "இன்னும் என்னம்மா பாக்கி இருக்கு?"

மேதை போனை எடுக்கவில்லை.

மார்ச் 6
சிரிப்பெல்லாம் போச்சு. சர்க்கரை வியாதிக்கார நாய் ஒன்று வந்தது. டாக்டர் திரையைப் பார்த்து மருந்தை ஊசியில் ஏற்றினார். ஜூலை அளவு! டிசம்பரிலேயே அதைப் பாதியாகக் குறைத்தாயிற்று. கத்திட்டேன். ஊசி அந்தரத்தில் நின்றது.

இதுக்கு மேல மறைக்க முடியுமா? துடைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றார் டாக்டர். "உங்க முழியே சரியில்ல."

மார்ச் 7
கணினி பழுது பார்க்கும் அக்கா வந்தார். மேதை கைவைப்பதற்கு முந்தின வாரம் கணினி தானாகவே எடுத்து வைத்த நகல் ஒன்றைக் கண்டுபிடித்தார். நான் அவசரமாக விசைப்பலகைப் பக்கம் கையை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"இருக்கறது மேல எறக்காதீங்க. தனியா ஒரு எடத்துல எறக்குங்க. தெறந்து பாருங்க. சரியா இருந்தா வேணுங்கறத மட்டும் எடுத்து வைங்க."

அவ்வளவுதானா? அவ்வளவுதான். நாள் முழுக்க ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் சரி. ஜூலை நகலும் தனியே இருக்கட்டும் என்றார்.

மார்ச் 9
தையல்காரர் ஒருவர் வெறுங்கையோடு வந்தார். அவருடைய பூனை மிளகுக்கு ஊசி என்று அந்த அறுபத்தொன்றில் ஒன்று போயிருக்கிறது; இன்று காலைதான் பார்த்தாராம். மிளகு அக்டோபரில் செத்துப்போனது.

மன்னிப்புக் கேட்டேன்.

"விடும்மா. அவ பேரைப் பாத்ததும் கடையைச் சாத்திட்டுக் கெளம்பிட்டேன். பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு."

கிளம்பத் தயங்கினார். செத்த பிறகு நீக்கிய மிளகின் பக்கம் ஜூலை நகலில் மட்டும் இருந்தது; திறந்து காட்டினேன். எடை நாலு கிலோ. கீழே டாக்டரின் குறிப்பு: 'கவனம். என்னை இரண்டு முறை கடித்திருக்கிறது.'

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மூணு தடவைம்மா."

மூன்று என்று திருத்தினேன். சேமித்தேன்.