பாலன் குடிலுக்குள் புறா

என் ஆசை அண்ணா,

பறந்துவிட்டது! நேற்றுக் காலை, பல்கனிக் கம்பியில் நின்று இரண்டு தரம் செட்டையை அடித்துப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுத் தகரக் கூரைக்குப் போய்விட்டது. முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் போல் இருந்தது. கேட்டால் எரிந்து விழுவீர்கள் என்பதும் தெரியும். பறந்தது ஒரு புறாக்குஞ்சு.

ஓம், புறாதான். கொட்டாஞ்சேனையில் உங்களுக்கு எதிரி என்று ஒரு மனிதர் இருந்ததில்லை, புறாக்கள்தான் இருந்தன. பழைய சீடிகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டீர்கள். பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்தீர்கள். அதன் தலையில் ஏறியிருந்தே எச்சம் போட்டன. கடைசியில் முகத்துவாரத்து மீன்பிடிகாரர் ஒருவரிடம் பழைய வலை வாங்கிவந்து பல்கனியை முழுதாக மூடிக் கட்டினீர்கள். துறைமுகத்தில் கயிறு கட்டிப் பழகிய கை அல்லவா? நீங்கள் இருந்தவரை ஒரு புறாவும் உள்ளே வரவில்லை.

அந்த வலையை அவிழ்த்தது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு மச்சாள் உங்கள் சாமான் ஒன்றையும் தொடவில்லை. அடுத்த தெருவிலிருந்து நான்தான் வந்து வந்து பார்த்தேன். பூசைக்குப் போவார், வருவார், கட்டிலில் இருப்பார். நத்தார் நெருங்கும்போது ஒரு நாள் சொன்னார்: "நத்தார் முடிய நான் கல்கிசைக்கு அக்கா வீட்ட போறன். வீட்டைக் குடுத்திடுவம். இந்த முறை குடிலும் வேணாம், ஒண்டும் வேணாம்."

உங்கள் பெண்சாதி கல்கிசையில் ஒரு அறையில் ஒடுங்கிக் கிடப்பதை நான் எப்படிப் பார்ப்பது? துக்க வருடத்தில் கொண்டாட்டம் கூடாதுதான். ஆனால் பாலன் பிறக்க ஓர் இடமாவது வேண்டாமா என்று பிடிவாதம் பிடித்தேன். மச்சாளின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, நீங்கள் செய்த அந்தப் பெரிய குடிலைத் தூக்கிப் பல்கனியில் வைத்தேன். நட்சத்திர விளக்குக் கூட்டை வெளியே கட்ட வலையின் ஒரு மூலையை அவிழ்த்தேன். உங்கள் முடிச்சைத் திரும்பப் போட எனக்கு வரவில்லை. சும்மா ஒரு சணலால் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

நம் வழக்கம் தெரியும்தானே? நத்தார்ப் பூசை முடியும்வரை பாலன் அலுமாரிக்குள். அவரைக் கிடத்தும் முன்னணையில் வைக்கோல் மட்டும். நீங்கள் செய்த முன்னணை சோற்றுச் சட்டி அகலம். மெத்தென்று வைக்கோல், மேலே கூரை, மூன்று கிழமைக்கு ஆள் இல்லாத இடம். புறாவுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டாம் கிழமை போய்ப் பார்த்தால், சூசையப்பரைக் குப்புறத் தள்ளிவிட்டு அது ராணி மாதிரிக் குந்தியிருக்கிறது. அடியில் இரண்டு முட்டை!

நான் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கினேன். பின்னால் மச்சாளின் குரல்.

"அதைக் கீழ வையும். முட்டையில இருக்கிறவளைக் கலைக்கிறதா?"

மாதக்கணக்கில் அவர் அவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. தும்புத்தடி தானாகவே கீழே போனது.

பிறகு தொடங்கியது பாருங்கள் ஊத்தை! தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்க, கம்பியெல்லாம் எச்சம். கீழ் வீட்டு ரிஸ்வானா ராத்தா முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். "தொழுகுற உடுப்பெல்லாம் நாசம்! மேல என்ன, புறாப் பண்ணையா வெச்சீக்கிறீங்க?" மச்சாள் படியிறங்கிப் போய், அந்த உடுப்புகளை வாங்கிவந்து தன் கையால் தோய்த்து, காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். கம்பிக்குக் கீழே பொலித்தீன் கட்டினார். தினமும் காலையில் மாஸ்க் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டுச் சுரண்டினார். "காய்ஞ்சதைக் கூட்டக் கூடாது, தூசு நெஞ்சுக்குள்ள போகும்" என்று எனக்குப் பாடம் வேறு! எல்லாம் உங்களைப் பார்த்துப் பழகியதுதான்.

நத்தார்ப் பூசை முடிந்து வந்தோம். பாலனைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்தேன். முன்னணையில்தான் புறா படுத்திருக்கிறதே. மச்சாள் அறைக்குள் போனார். வரும்போது கையில் நீங்கள் துறைமுகத்தில் போட்ட மஞ்சள் ஹெல்மெட். அதுவரை ஆணியில் தொங்கியபடியே கிடந்தது, தூசுகூடத் தட்டாமல். அதைக் கவிழ்த்துப் பிடித்துத் துடைத்து, குழிப்பக்கம் மேலே வர நிமிர்த்தி, ஆடாமலிருக்க அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, உள்ளே வைக்கோல் பரப்பினார். பாலனை அதில் கிடத்தினார். இரண்டு பேரும் அழுதோம் அண்ணா. அழுதுகொண்டே சிரித்தோம்.

மறுநாள் ஒன்று பொரித்தது. மற்றது கூமுட்டை. "பொரிச்சீக்கா? பொரிச்சீக்கா?" என்று கேட்டபடி ராத்தா ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு மேலே வந்தார். சண்டை போட்ட அதே ராத்தா! குஞ்சைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அசிங்கமா ஈக்குதே" என்று முகத்தைச் சுளித்தவர், அதன்பின் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

மூன்று இராசாக்கள் திருநாளும் போனது. ஊரில் எல்லோரும் குடிலைக் கழற்றிவிட்டார்கள். உங்கள் வீட்டில் மட்டும் தை கடைசிவரை நின்றது. "குஞ்சு பறக்கட்டும், பிறகு வாறன்" என்று மச்சாள் கல்கிசைக்குச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம். அந்தக் குஞ்சுக்கு ஒவ்வொரு இறகும் முளைக்க முளைக்க நான் நாளை எண்ணினேன். வளராமல் இருக்காதா என்று நினைத்த பாவி நான்.

நேற்று அது பறந்ததும் கைதட்டினேன். அடுத்த நிமிடமே கல்கிசை ஞாபகம் வந்தது. மச்சாள் எதிர்க்கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாளியும் பிரஷும் எடுத்துவந்தார். வைக்கோலைப் பையில் போட்டுக் கட்டினார். மாதாவையும் சூசையப்பரையும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினார். நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மச்சாள், அப்ப கல்கிசைக்கு எப்ப?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அடுத்த நத்தாருக்குக் குடிலை ஹோலுக்குள்ள வைப்பம். இந்த ஊத்தையை இன்னொருக்காக் கழுவ என்னால ஏலாது."

அடுத்த நத்தாருக்கு! கேட்டீர்களா அண்ணா? அடுத்த நத்தாருக்கு என்று சொன்னார்! வாய் திறந்தால் மனம் மாறிவிடுவாரோ என்று, ஓடிப்போய்த் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.

இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் எனக்கு மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில்தான். அவரைத் தனியே சாப்பிட விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்கள் சொல் கேளாத ஒரே தங்கச்சி,
ஜெசிந்தா