காம்பு காயாத பூசணி

ஹாலிஎல,
சித்தார்த்தி வருஷம், ஆடி மாதம் 27.

அன்புள்ள தங்கை ரெங்கம்மாவுக்கு அக்கா ராசம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நீயும் உன் புருஷன் தம்பையாவும் பூனாகலையில் சௌக்கியம் என்று ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் சொல்லச் சொல்லக் கடைக்கார ஸலீம் நாநா இதை எழுதுகிறார். அங்கே உனக்கு வாசித்துக் காட்டுகிறவரும் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

தம்பையாவின் அத்தை வீட்டில் சடங்கு, வியாழக்கிழமை திரும்பிவிடுவோம் என்றுதானே சொன்னாய்? நீங்கள் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை நான் பதுளைக் கோயிலுக்குப் போய்விட்டுப் பொழுது சாய வந்தேன். லயத்து வீட்டு வரிசையில் உன் காம்பராக் கதவு பூட்டிக் கிடந்தது. சடங்குக்குத்தான் போயிருக்கிறாய் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்கரையில் நம் கொல்லையை எட்டிப் பார்த்தேன். எட்டுப் பூசணியும் இல்லை. சோளத்தட்டை மொட்டையாக நின்றது. வள்ளிக்கிழங்குக் கொடியைப் பிடுங்கிப் போட்டிருந்தது. விதைக்கென்று சிவப்புத் துணி கட்டி விட்டிருந்த பீர்க்கங்காயைக்கூட விடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொடுக்கிற அரிசி பாதியாகிவிட்ட இந்த வருஷம், ஐப்பசி மழை முடியும் வரை அந்தப் பூசணிகளை நம்பித்தானே இருந்தேன்? அப்போதும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? வியாழக்கிழமை நீ வந்து பார்த்தால் எப்படித் தாங்குவாய் என்பதுதான்.

லயத்துக் கோடியில் கோணக் காம்பராவில் இருக்கும் அழகையா அண்ணன் கையில் மண் ஒட்டியிருந்தது. பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னால் அவரைத் திருடன் என்றேன். அவர் பிள்ளைகளையும் சேர்த்துச் சபித்தேன். கங்காணி அவரை இரண்டு நாள் வேலைக்கு எடுக்கவில்லை. அழகையா அண்ணன், “நான் எடுக்கலம்மா. போய் வெட்டுன எடத்தப் பாரு. களவாணின்னா திருகிப் பிச்சிருப்பான். இது கொடிய ஒட்ட வெட்டி, காம்போட எடுத்துட்டுப் போயிருக்கு. ஒங்கிட்டக் கத்துக்கிட்ட கைம்மா இது” என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அப்போதும் நம்பாமல் ஸலீம் நாநா கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன மாட்டுவண்டி அவர் கடை வாசலில் நின்றதையும், நீ இறங்கி இரண்டு சாக்கு கேட்டு வாங்கியதையும், பூனாகலையில் தம்பையாவுக்குச் சில்லறைக் கங்காணி வேலை கிடைத்துவிட்டது, இனி இந்தப் பக்கம் வரமாட்டோம் என்றதையும் சொன்னார்.

அதற்கு முந்திய வாரம் முழுக்க நீ என் பக்கத்தில் குந்திக் களை பிடுங்கினாய். பூசணியை எப்போது அறுக்கலாம் என்று கேட்டாய். நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக் கூடாது, காம்பு கட்டைபோலக் காய வேண்டும், இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும் என்றேன். சோளத்தைக் கேட்டாய். குஞ்சம் கருகட்டும், மணியைக் கீறினால் பால் வரட்டும் என்றேன். “அதுவரைக்கும் பொறுக்கணுமாக்கா?” என்றாய். ஆசையில் கேட்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன் ரெங்கம்மா. நீ உன் பயணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய்.

போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அறுத்து மூட்டை கட்டித் தந்திருப்பேன். பெரிய கங்காணி காதுக்குப் போனால் போகவிடாமல் மறித்துவிடுவார் என்று பயந்தாயா? என் வாயாலா போயிருக்கும்? காய் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

அழகையா அண்ணனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். என் பங்கு அரிசியில் பாதியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் சம்சாரம் அதை அப்படியே என் வாசலில் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். இன்றைக்குப் பதினொரு நாள். அந்த வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு.

நீ கொண்டுபோன பூசணி நிற்காது. தோல் முற்றாதது. பரணில் வைக்காதே, முதலில் அதைச் சமைத்துத் தீர்த்துவிடு. நீர் விட்டதைச் சாப்பிடாதே, தூக்கிப் போடு. வயிற்றுப் பிள்ளைக்காரி நீ.

இந்த லயத்துக்கு வராதே. வந்தாலும் என் கதவைத் தட்டாதே. ஆனால் உனக்கு இது ஏழாம் மாதம். வலி எடுத்தால் யாரையாவது அனுப்பிவிடு. பண்டாரவளை வழியாக நடந்தே வந்துவிடுவேன். உன்னோடு பேசமாட்டேன். பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க அந்த முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த
ராசம்மா