தெற்குச் சுவர் ஜன்னல்

9 பிப்ரவரி 2002, சனி

இன்று படுக்கையறையின் பழைய ஜன்னலைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கரையான் தின்றது போக பெயின்ட்தான் மிச்சம். இப்போது வெளிக் கிரில் மட்டும் நிற்கிறது. புது அலுமினியச் சட்டம் திங்கட்கிழமைதான் வருமாம்.

"கண்ணாடி மட்டும் இன்னைக்கே சொல்லிடுங்க மேடம். சிவாஜிநகர் கடைக்கு ஆள் அனுப்பணும்" என்றார் கான்ட்ராக்டர்.

அதை என் வீட்டுக்காரர் முன்பே முடிவு செய்திருந்தார். மங்கல் கண்ணாடி. "ரோட்டுல போறவனுக்கெல்லாம் நம்ம வீட்டைக் காட்டணுமா?" இந்தப் பேச்சால்தான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலின் கீழ்க்கதவை நான் திறந்ததே இல்லை.

காலில் மாவுக்கட்டோடு அவர் அந்த ஜன்னலடியில்தான் படுத்திருக்கிறார், தெற்கே தலைவைத்து. சாயங்காலம் காபியோடு போனபோது, கால்மாட்டில் இருக்கும் பீரோ கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள், கதவில்லாத ஜன்னல் வழியே எதிர்வீட்டு மரம். ஓர் இலை இல்லை, முழுக்க ரோஜா நிறப் பூ. கண்ணாடி கொள்ளவில்லை. தினமும் காய்கறிப் பையோடு அதனடியில்தான் நடக்கிறேன். அது இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. காபி ஆறிப்போனது.

"வசந்தா, தலகாணிய கால் பக்கம் போடு."

"அது வடக்குங்க."

என் தம்பி ஒருமுறை வடக்கே தலைவைத்துத் தூங்கியதற்கு, எழுப்பித் திருப்பிப் படுக்கவைத்த மனுஷர் இவர்.

"தெரியும். போடு."

கான்ட்ராக்டருக்கு நானே போன் செய்து, மங்கல் வேண்டாம், தெளிவான கண்ணாடியே போடுங்கள் என்றேன்.

"சார்கிட்ட கேட்டீங்களா மேடம்? அப்புறம் மாத்த முடியாது."

திரும்பிப் பார்த்தேன். வடக்கே தலைவைத்து, மரத்தையே கண் சிமிட்டாமல் பார்த்தபடி படுத்திருந்தார்.

கேட்டாச்சு என்றேன்.