அண்டப்புளுகும் மூன்று மின்சாரக் கார்களும்

ஆடி 14, புதன்

பேய்க்காற்று. ஊர்ப் புழுதி முழுக்க என் மூக்கில் குடியேற்றம். வாங்க: கொசுவர்த்தி, நெஞ்செரிச்சல் மாத்திரை, வேட்டி ஒன்று (அரசவைக்கு).

அரசவை = அக்கா மகன் கதிர் வேலை பார்க்கும் கார் ஷோரூம். ஏசி, ஓசிக் காபி. தினமும் எழுந்தருளுகிறேன். கதிர் மின்சாரக் கார் பிரிவு. கம்பெனி சபதம்: பெட்ரோல் கார் லாபத்தில் மின்சாரக் காருக்குச் சோறு போட்டது போதும், இனி அதையும் லாபத்துக்கே விற்பது. ஆடித் தள்ளுபடிகூடக் கிடையாது. ஆடிக்குள் முழு விலைக்கு மூன்று போகாவிட்டால் இங்கே அந்தப் பிரிவு மூடல். கதிர் வீட்டுக்கு.

"ஆடியில எவன் மாமா வண்டி எடுப்பான்? அதுவும் முழு விலைக்கு?"

பிள்ளை இளைத்துவிட்டான்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. நல்ல நாள். ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டிக்காரர் வந்தார். தனக்கு ஒன்று, மருமகன்களுக்கு இரண்டு. மூன்று!!!

"ஏனுங்க, இந்த வண்டிய ஓட்டிப் பாக்கக் கொண்டுபோறேன், கொடைக்கானல் போயிட்டு வருமுங்களா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "போயிட்டு வரவா? ஏரிய நாலு சுத்து சுத்தி, எறங்கி வந்து, மிச்ச கரண்டுல வீட்ல கிரைண்டர் ஓட்டலாம்ணே!"

கதிர் பதறினான். "ஐயா, மாமா விளையாட்டுக்குச் சொல்றாரு. இது ஷோரூம் வண்டி, பாதி சார்ஜ்தான் இருக்கு. வத்தலக்குண்டுல போட்டுட்டு ஏறுங்க."

மண்டிக்காரர் சிரித்தார். மூன்றுக்கும் முன்பதிவு. இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க அந்த வண்டியையே கொண்டுபோனார். நான் மூன்று லட்டு.

ஆடி 20, செவ்வாய்

மலையில் மழை. வண்டி பண்ணைக்காடு ரோடு பிரியும் இடத்துக்கு மேல் நின்றுவிட்டது. வத்தலக்குண்டில் சார்ஜ் போடவில்லையாம். "உங்க ஆளுதானுங்களே கிரைண்டர் ஓட்டலாம்னாரு!" என்று மண்டிக்காரர் போனில் கத்தினார். குடும்பமே மூன்று மணி நேரம் ரோட்டில். கட்டி இழுத்து இறக்கினார்கள். மூன்று முன்பதிவும் ரத்து.

சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும்.

ஆடி 21, புதன்

"எந்த ஆளு?" என்று மேனேஜர் கேட்க, "நான்தான் சொன்னேன்" என்றானாம் கதிர். வேலை போயிற்று. வெள்ளியோடு கணக்கு முடிப்பு.

"ஏன்டா அப்பு?"

"உங்க பேரச் சொன்னா உள்ளயே விடமாட்டாங்கெ மாமா. அப்புறம் ஏசிக்கு எங்க போவீங்க?"



ஆடி 23, வெள்ளி

காற்று இல்லை. காலையிலேயே மேனேஜரிடம் போனேன். சொன்னது நான், அவன் தடுத்தான், அத்தனையும் ஒப்பித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை.

பொறுமையாகக் கேட்டார். "அய்யா, சிறுமலையில காட்டெருமை மேல ஏறி வந்தேன்னு எங்கிட்டயே சொன்னவரு நீங்க. மருமகனுக்காக இதையும் சொல்றீங்க. பாசம் புரியுது."

"சத்தியமா சார்."

"காட்டெருமைக்கும் சத்தியம் பண்ணீங்களே."

காபி வரவழைத்துக் கொடுத்தார். குடிக்காமல் வந்தேன். வாசலில் கதிர், கையில் சாப்பாட்டுப் பை. "வாங்க மாமா, போவோம்."

அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவளாவது நம்புவாளா?